காருக்கு வைத்த தேத்தண்ணி

சித்தப்பா ஓட்டிய காருக்குத் தேத்தண்ணிப் பழக்கம் இருந்தது. நெடுநேரம் ஓட்டி அவருக்குக் கண் சொக்கும்போதெல்லாம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆவி பறக்கும் கோப்பைப் படமொன்று எரியும். கூடவே ‘டிங்’ என்று சத்தம். “பாப்பா, காருக்குத் தேத்தண்ணி வேணுமாம்” என்பார். கடையோரம் நிறுத்துவோம். அவருக்கு பிளேன்டீ, எனக்குக் கடிக்க ஒரு பணிஸ். காருக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அந்த அநியாயம் எனக்கு மட்டும்தான் உறுத்தியது.

கார் பதுளை முதலாளி ஒருவருடையது. எல்ல என்ற ஊரிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போய் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தால், அடுத்த ஹயர் சவாரி காத்திருக்கும். பாவம், அந்த நாட்களில் சித்தப்பா பேசியதைவிடக் கொட்டாவி விட்டதே அதிகம். ஆனால் காரைச் சாமியைப்போல நம்பினார். பின்னால் எடுக்கும்போது திரும்பியே பார்க்கமாட்டார், கமெரா பார்த்துக்கொள்ளும். “ஜப்பான்காரன் மூள. பொய் சொல்லாது.”

அன்றைக்கு எனக்குக் காதுவலி. விடியற்காலையில் விமான நிலையத்திலிருந்து வந்தவர், முகம்கூடக் கழுவாமல் அம்மாவையும் என்னையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் கோப்பை எரிந்தது. அவர் நிறுத்தவில்லை. பகலுக்குள் எல்லயில் நிற்காவிட்டால், சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி முதல்நாளே சொல்லியிருந்தார்.

“சித்தப்பா, கார் கேக்குது.”

“இதுக்கு வேற வேலயில்ல. கோளாறாயிருச்சு.”

“செத்த நிப்பாட்டுங்களேன் தம்பி” என்றார் அம்மா.

“ஒங்கள எறக்கிட்டு ஓடணும் அண்ணி.”

முன்னால் கிடந்த முருகன் ஸ்டிக்கரை எடுத்துக் கோப்பையின் மேல் ஒட்டினார். படம் மறைந்தது. சத்தத்தை முருகனாலும் நிறுத்த முடியவில்லை.

எங்கள் லயத்து வீட்டுக்குப் போகும் கடைசி வளைவில் கார் திரும்பவில்லை. நேராகப் போய், ரோட்டோரக் கான் பள்ளத்துக்குள் இறங்கி, தேயிலைச் செடிகளில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். “கார் தானாப் போயிருச்சுங்க” என்றார் சித்தப்பா. எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், எனக்குக் காரணமும் தெரியும். கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறது, யாரும் கொடுக்கவில்லை, கோபித்துக்கொண்டு தேயிலைக்குள்ளேயே போய்விட்டது.

அழுது அடம்பிடித்து, அம்மாவைத் தேத்தண்ணி ஊற்றவைத்து, கொண்டுபோய்க் காரின் முன்னால் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு டயரில் தலைசாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அன்று மாலையே முதலாளி ஆளனுப்பிக் காரை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம், சித்தப்பா மேல்தான். அம்மாவிடம் ஓடிப்போய்க் கோள் சொன்னேன்: “காருக்கு வச்சத சித்தப்பா குடிச்சிட்டாரும்மா.”