நல்லெண்ணெய் பட்ட பாயிண்ட்

நாலு சிலிண்டர், எட்டுக் குதிரைச் சக்தி, ஆறு வோல்ட் பேட்டரி. என் முதல் கார் அவ்வளவுதான். தண்ணீரைச் சுற்றவிடப் பம்பு கூடக் கிடையாது; சூடான தண்ணீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்க வேண்டும். ஏற்றத்தில் கொதிக்கும், சாரலில் இருமும், பெட்ரோல் வரும் ஜெட்டில் தூசி அடைத்தால் அடம்பிடிக்கும். அதன் சங்கதியெல்லாம் எனக்கு அத்துப்படி என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஆனி மாதம் என் மனைவி தலைப்பிரசவத்துக்குக் குற்றாலத்தில் தாய்வீட்டில் இருந்தாள். சீசனாச்சே என்று நானும் போய், எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றேன். அருவியே எண்ணெயை எடுத்துவிடும் என்று சீயக்காய் போடவில்லை. வந்த கையோடு எஞ்சினில் ஈரம் துடைக்க மூடியைத் திறந்தவன், பாயிண்டையும் விரலால் தடவிவிட்டேன். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் அவை. தொட்டுப் பிரிந்தால்தான் பிளக்கில் பொறி வரும்.

சாயங்காலம் அவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பேறுகாலத்துக்கு நாள் இன்னும் இருந்தது. அவளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். பாதி வழியில், இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில், எஞ்சின் விக்கி நின்றது.

ஜெட்டைக் கழற்றி ஊதினேன். பிளக்குகளைத் துடைத்தேன். எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றது. உள்ளே அவள் முனகும்போதெல்லாம் ஸ்பானர் கைநழுவியது. இந்த ரோட்டிலேயே இவள் செத்துப்போவாள் என்று தோன்றிவிட்டது. அதற்குள் மாமியார் பின்னால் வந்த ஒரு வில்வண்டியை மறித்து, அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

சுவிட்சைப் போட்டுப் பாயிண்டை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். பொறி இல்லை. இரண்டு பொட்டிலும் எண்ணெய் கருகிப் பிடித்திருந்தது. முகர்ந்தால் நல்லெண்ணெய். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்ததும் ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

வில்வண்டியை எட்டிப்பிடித்து, காருக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அது இன்னொரு தடவ நின்னுரும். நான் இதுலயே போறேன். நீங்க பொறத்தால வாங்க."

முதல் கியரில், மாட்டின் நடைக்குப் பின்னால், அவள் சத்தம் நின்றால் நெஞ்சும் நிற்க, ஊர்ந்து போனேன். ஆஸ்பத்திரியில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் நர்சம்மா.

நம்பவைத்துக் கழுத்தறுத்த கார் என்று வீடே அதைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். அடுத்த மாதமே ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்கு விற்றேன். அவரிடம் அது வருஷக்கணக்கில் மக்கர் பண்ணாமல் ஓடியதாம். அதைக் கேள்விப்பட்டபோது, "அவரு நல்ல நேரம்" என்றாள் என் மனைவி, பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே. அவர்கள் இரண்டு பேரையும் கொல்லப் பார்த்தது என் விரல்தான் என்று சொல்ல, இந்த வயதிலும் எனக்குப் பயமாக இருக்கிறது.