காலடியில் ஒரு தாள்

புதுச்சத்திரத்தில் கரியில் ஓடும் பஸ் நிற்கிறது. டிரைவர் இறங்கி, பஸ்ஸின் பின்னாலுள்ள கரி அடுப்பைக் கிளறுகிறார். நாளை நாமக்கல்லில் எனக்கு இங்கிலீஷ் பரீட்சை. தையல் விட்ட இலக்கணப் புத்தகத்தைத் திறந்ததும் காற்று தாள்களை வாரிக்கொண்டு போகிறது. கடலைக்காய் விற்கும் அம்மாள் கூடையை விட்டுவிட்டு என்னோடு ஓடிப் பொறுக்குகிறார். பறக்கும் ஒரு தாளைக் காலால் அமுக்குகிறேன்.

“காலை எடுங்க சாமி!”

“இது வெள்ளைக்காரன் எழுத்தும்மா.”

“ஆரு எழுத்தா இருந்தா என்னங்க? படிப்புதானுங்களே!”

தாளை எடுத்து, அதில் பட்ட என் கால் தூசியை முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றிக் கொடுக்கிறார். அதற்குள் அவர் கூடையில் ஆடு வாய் வைத்துவிட்டது. அதை விரட்ட ஓடுகிறார். தாளைப் பார்க்கிறேன். இங்கிலீஷில் நன்றி சொல்ல ஏழு வாக்கியங்கள், எல்லாம் எனக்கு மனப்பாடம். தாளை நானும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.