சாமி வரும் தெருவில் பால்கனி

எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டுவது என்று முடிவானதும், அதற்கு அனுமதி வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் ராஜா. வெளியே வந்து மேஜைக்குப் பின்னால் ஒரு ஆளைப் பார்த்துவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் ஜாக்கெட் தைக்கிறவள். காலையில் முகூர்த்தம் வைத்துக்கொண்டு முந்தின நாள் சாயங்காலம் துணியோடு வந்து நிற்கிற மணப்பெண்களைச் சமாளித்துப் பழகியவள். ஒரு பிளான் அப்ரூவல் என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மழை பெய்தால் தறி நனையக் கூடாது. எனக்கு அது போதாது. தெருவைப் பார்த்த மாதிரி மாடியில் ஒரு பால்கனி வேண்டும். அது எனக்காக இல்லை, என் நாத்தனாருக்காக.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போய், கோல் ஊன்றித்தான் நடப்பார். கல்யாணம் கில்யாணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருக்கிறார். தறியில் பழைய பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது இழையோடு இழை சேர்த்து முறுக்குவதில் எங்கள் தெருவில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வாயிலும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்கு ஆசையாக ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இன்னாடி இது, ஆனைக்கு அளவெடுத்தியா?" என்றார். இன்றுவரை அவருக்குத் தைக்கும்போது கையை இரண்டு தடவை அளந்து பார்ப்பேன்.

அப்படிப்பட்டவர் அடங்குவது சாமியிடம் மட்டும்தான். பங்குனி உற்சவத்தில் சாமி எங்கள் தெரு வழியாக வரும். சாமி வெள்ளிக் காளை மேல் வரும் ரிஷபத்தன்று நாத்தனார் காலையிலேயே குளித்துவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவார். ஒரு வருஷம் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் கோல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் விழுந்தார். பழைய வீட்டு வாசற்படியில் இருந்து காலை எடுத்து வைத்தால் அடுத்தது தெருதான், ஒதுங்க இடம் கிடையாது. அதற்குப் பிறகு அவர் வாசலுக்கே வரவில்லை. மேளச் சத்தம் கேட்டதும் தறிப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்காகக் கட்டுகிறோம்" என்று சொன்னால் அந்த நிமிஷமே வேண்டாம் என்பார். அதனால் நூல் காயப்போட பால்கனி என்று சொல்லி வைத்தேன். உண்மையை வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"மேலேருந்து சாமிய..." என்று ஆரம்பித்தார்.

"மேலேருந்து பாத்தா நல்லாத் தெரியும். நீங்க நெய்யற வேலையப் பாருங்க" என்றேன். எங்கள் வீட்டில் பேச்சு அநேகமாக இப்படித்தான் முடியும்.

செவிலிமேட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் பையனைப் பிடித்தேன். இப்போதெல்லாம் எல்லாம் ஆன்லைன், அலையவே வேண்டாம் என்றான். அவன் அலையவில்லை என்பது நிஜம். முதல் பிளான் திரும்பி வந்தது. வீட்டுக்கு முன்னால் இடமே விடவில்லையாம். ஆன்லைனில் யாரோடு சண்டை போடுவது? அனுமதி தரும் ஆபீசுக்கு நேரிலேயே போனேன்.

அங்கே ஆய்வாளர் ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது. சண்டைக்கு என்று கிளம்பிப் போனவளுக்கு இப்படி மரியாதை செய்தால் பாதி வேகம் போய்விடும்.

"முன்னாடி அஞ்சடி விடணும் மேடம்."

"எங்க மாமனாரு காலத்துலேருந்து தெரு ஓரத்துலதாம்மா வீடு இருக்குது."

"அவரு இடிக்கல மேடம். நீங்க இடிக்கிறீங்க."

"தெருவே வரிசையா நிக்குது. நாங்க மட்டும் உள்ள போனா பல்லு விழுந்த மாதிரி இருக்கும்மா. அஞ்சடின்னா இன்னா சும்மாவா? ஒரு ஆளு படுக்கலாம்!"

"தாராளமா படுங்க மேடம். கட்டத்தான் கூடாது. வேணும்னா ஒரு கேட் போட்டுக்கோங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். எங்கள் வீடே குறுகல். அதில் ஐந்தடியைத் தெருவுக்குத் தாரை வார்த்துவிட்டுத் தையல் மெஷினை எங்கே போடுவது? அடுத்த பிளானில் என் மூளையைக் காட்டினேன். கீழே ஐந்தடி விட்டாயிற்று, மேலே பால்கனியை அந்த ஐந்தடியையும் தாண்டி நீட்டு என்று பையனிடம் சொன்னேன். கீழே விட்டதை மேலே பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

இந்தத் தடவை அந்தப் பெண்ணே ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. பிளானைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு தெருவையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"பால்கனி தெருக் கால்வாய் மேல தொங்குது மேடம்."

"காத்துலதானேம்மா இருக்குது? கீழ ஒண்ணும் அடைக்கலையே?"

"காத்துலயும் உங்க எல்லையோட நிக்கணும் மேடம்" என்றது. பிறகு பிளானில் ஒரு இடத்தில் விரல் வைத்து, "ஹாலுக்குள்ள ஏன் குழி? ஸெப்டிக் டேங்கா?" என்று கேட்டது.

வீட்டுக்காரருக்கு வந்ததே ரோஷம். ஆபீசர் என்றால் பேச்சே வராத மனிதர், "அது நான் உக்கார்ற எடம்மா" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய், தறிக் குழியில் இறங்கிக் காலால் மிதித்து, ஊடு நூல் சுற்றிய நாடாவைப் பாவுக்குள் ஓட்டிக் காட்டினார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் சரிகையையே பார்த்துக்கொண்டு நின்றது. நல்ல நேரம் பார்த்து நான் பால்கனி பேச்சை எடுத்தேன். "அது கூடாது மேடம்" என்றது, சரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

மூன்றாவது பிளானில் பால்கனி எங்கள் எல்லைக்குள் அடங்கியது. அனுமதி வந்துவிட்டது.

கட்டும்போது மேஸ்திரி ஆசை காட்டினார். "ஒரு அடி வெளிய இழுத்துரலாங்கா. யாரு வந்து டேப்பு பிடிக்கப் போறாங்க?" எனக்கும் சபலம் தட்டியது. சரி என்று தலையாட்டிவிட்டேன். கான்கிரீட் போடத் தெருப் பக்கம் பலகை அடித்தார்கள். டேப்போடு யாரும் வரவில்லை. மூங்கிலோடு வந்தார்கள்.

சாமி தூக்குகிறவர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு உற்சவத்துக்கும் முன்னால் எங்கே ஒயர் தொங்குகிறது, எங்கே கிளை இடிக்கிறது என்று வழியைப் பார்த்துக்கொண்டு வருவது அவர்கள் வழக்கம். பெரியவர் எங்கள் வீட்டு முன்னால் நின்று மூங்கிலைத் தூக்கினார். அது பலகையில் போய் டொக்கென்று முட்டியது.

"சாமி குடை இடிக்கும்மா. இங்க தெரு வளையுது பாருங்க, உங்க பக்கம் ஒதுங்கித்தான் திருப்புவோம். ஆபீஸ்ல எவ்ளோ குடுத்துருக்காங்க?"

சொன்னேன்.

"அதோட நிறுத்துங்க. குடை தப்பிச்சுரும்."

அந்தப் பெண்ணிடம் வாதாடலாம். சாமி குடையிடம் என்ன வாதாடுவது? மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பலகையைப் பிரிக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், "குடைய விடு. அக்கா வந்து..." என்று தொடங்கினார். "நீங்க வேற, நேரம் காலம் தெரியாம" என்று நான் சிமெண்ட் மூட்டையை எண்ணப் போய்விட்டேன்.

புது வீட்டில் முதல் பங்குனி வந்தது. ரிஷபத்தன்று காலையில் பால்கனியில் மாவிலை கட்டி, குஷன் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தேன். எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. கீழே வந்து, "அண்ணி, வாங்க. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு உங்கள மாடிக்கு ஏத்துறோம்" என்றேன்.

"எதுக்குடி?"

"சாமி பாக்கத்தான். நூல் காயப்போடன்னு சொன்னதெல்லாம் சும்மா. அந்தப் பால்கனியே உங்களுக்காகக் கட்டினது அண்ணி."

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டி, சாமி தலைக்கு மேல ஏறி உக்காந்துக்கினு சாமி பாக்கச் சொல்றியா? இத்தினி வருஷமா இந்தத் தெருவுல இருக்கிற, மாடியில எவனாவது நின்னு பாத்துருக்கியா? மேலேருந்து பாத்தா குடைதாண்டி தெரியும். குடையயா கும்புடறது?"

எதிர் வீட்டைப் பார்த்தேன். மாடியில் நின்றவர்கள் எல்லாரும் மேளச் சத்தம் கேட்டு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கூரத்துக்கு அந்தப் பக்கம் சின்ன கிராமத்துக்காரி. எங்கள் ஊரில் சாமி வரும் தெருவில் மாடியே கிடையாது. இங்கே வந்த பிறகும் சாமி வரும்போது சாமியைப் பார்த்தேனே தவிர, யார் வீட்டு மாடியையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"அதத்தான் நான் அன்னிக்கே..." என்றார் வீட்டுக்காரர். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

நாத்தனார் கோலை ஊன்றிக்கொண்டு தறிப் பக்கம் திரும்பினார். எனக்கு அழுகை முட்டியது. இத்தனை அலைச்சலும் மறுபடி அந்த முதுகைப் பார்க்கத்தானா? மேளம் வளைவுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்காரர் மாடிக்கு ஓடினார். குஷன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து, வாசலில் நாங்கள் விட்ட ஐந்தடியில் போட்டார். அந்தப் பெண் சொன்னபடி போட்டிருந்த இடுப்பளவு கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

"அக்கா, இங்க உக்காரு."

உட்கார்ந்தார். கூட்டம் கேட்டுக்கு வெளியே நெருக்கித் தள்ளிக்கொண்டு போனது. உள்ளே ஒரு விரல் அவர்மேல் படவில்லை. வெயில்கூடப் படவில்லை, தலைக்கு மேல் பால்கனி இருந்தது. ரிஷபத்தின் மேல் அவ்வளவு உயரத்தில் வருகிற சாமியை எவர் தலையும் மறைக்கவில்லை. வளைவில் சாமி எங்கள் பக்கம் ஒதுங்கித் திரும்பியது. குடையின் தொங்கல் பால்கனி விளிம்பை உரசாமல் ஒரு சாண் தள்ளிப் போனது. முன்தண்டைத் தோளில் தாங்கிய அந்த மூங்கில் பெரியவர் அந்த நெரிசலிலும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாத்தனார் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியதில் கோல் கீழே விழுந்து உருண்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நானும் சாமியைச் சரியாகப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமி அடுத்த தெருவுக்குத் திரும்பி, கூட்டம் கலைந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலை நீட்டி, அந்த ஐந்தடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஏண்டி, இந்த எடத்த யாரு விடச் சொன்னது? நீயா?"

"நான் எங்க அண்ணி... ஆபீஸ்ல ஒரு பொண்ணு."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுக் குடு" என்றார் நாத்தனார். "கைய மட்டும் ஒழுங்கா வை."