மதினிக்கு அம்மா ஆற்றிய கோகோ

பிள்ளைத்தாய்ச்சி கோகோ குடித்தால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். காப்பிக்கே அந்தப் பழி உண்டு. அதைவிடக் கருத்த பொடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த மார்கழியில் கம்பளித் துண்டில் சுற்றி, கைப்பைக்குள் மறைத்து, பூண்டு விளையும் எங்கள் மலையூரான பூம்பாறைக்கு நான் கொண்டுவந்த கோகோ டப்பா இன்றும் கண்முன் நிற்கிறது. கரண்டிக் காம்பால் அதன் மூடியை நெம்பியபோது எழுந்த சிறு ஓசைக்கே வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது நான் கொடைக்கானலில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தேன். காலைப் பேருந்தில் போய் மாலைப் பேருந்தில் திரும்புவேன். என் அண்ணன் மனைவியை மதினி என்றுதான் அழைப்பேன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முந்தைய ஆண்டு ஒரு கரு தங்காமல் போயிருந்தது. இம்முறை கரு தங்கியது. ஆனால் உண்டது எதுவும் தங்கவில்லை. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். வாழைப்பழமும் வெல்லமும் ஏலமும் மணக்கும் வீட்டிலிருந்து பூண்டு வீட்டுக்கு வந்தவள். எங்கள் அடுக்களையில் அடுப்புக்கு மேலே பரண் நிறைய விதைப்பூண்டுக் கட்டுகள் தொங்கும். அடுப்புப் புகை படிந்தால்தான் அவை அடுத்த நடவு வரை கெடாமல் இருக்கும். கருவுற்ற நாள்முதல் மதினிக்கு அந்த வாசம் ஆகவில்லை. பனிக்காலத்தில் பூண்டுப் பால்தான் பலம் என்று அம்மா இருவேளையும் காய்ச்சிக் கொடுப்பாள். மதினி மறுக்காமல் குடிப்பாள். கொல்லைப்புறம் போய் எல்லாவற்றையும் வாந்தியெடுப்பாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, “நல்லாத்தான் இருந்துச்சு அத்தை” என்பாள். எடை இப்படியே குறைந்தால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அவள் வாய்திறந்து குறை சொன்னதில்லை.

பள்ளியில் மார்கழி முழுவதும் ஆசிரியர் அறையில் கோகோ காய்ச்சுவார்கள். மற்றெந்த வாசத்தையும் உள்ளே விடாத அந்த மணம்தான் எனக்கு யோசனை தந்தது. அம்மா வெள்ளனே தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளியிலிருந்து இரவல் வாங்கிவந்த பாத்திரத்தில், முற்றத்தில் நெருப்பு மூட்டிக் காய்ச்சினேன். புல்லின்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடந்தது. மதினி இரு கைகளாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறுக்குப் பின்னும் சற்று நிறுத்தி, தன் வயிற்றின் சம்மதத்தைக் கேட்பவள்போலக் குடித்தாள். பாதி குடித்திருந்தபோது அம்மா திரும்பிவிட்டாள்.

“ஏண்டி, படிச்சவதான நீ? என் பேரப்பிள்ள அடுப்புக்கரியாட்டம் பொறந்தா யாருடி பதில் சொல்றது?”

மதினிதான் பேசினாள். “அத்தை, இது உள்ள கெடக்கு அத்தை. வெளிய வரலை.”

அம்மா தலைச்சுமையை இறக்கிவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் முற்றத்துக்கு வரும்வரை அப்படியே இருந்தாள். வாந்தி வரவில்லை. “பெருமாளும் கறுப்புத்தான். கும்பிடாமயா இருக்கோம்?” என்று எழுந்தாள். “உசுரோட வந்தாப் போதும். மிச்சத்தையும் குடி தாயி.”

மறுநாள் அம்மாவே காய்ச்சினாள். பூண்டுப் பால் காய்ச்சும் அதே பாத்திரத்தில். முதல் மிடறிலேயே மதினி கொல்லைக்கு ஓடினாள். புளியும் சாம்பலும் போட்டு மூன்று முறை துலக்கிய பின்னும் அதே கதைதான். பாத்திரத்தில் பூண்டு வாசம் அடிப்பதாக மதினி அப்போதுதான் மெல்லச் சொன்னாள். “பூண்டு வாசமா? எங்கடி அடிக்குது?” என்று அம்மா பாத்திரத்துக்குள் மூக்கை நுழைத்தாள். நானும் முகர்ந்தேன். எனக்கும் தெரியவில்லை. பூண்டிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மூக்குகளுக்கு அது ஒரு வாசமாகவே படவில்லை. அம்மா விடவில்லை. காலைப் பேருந்து வந்து நின்றதும், மலைக்குக் கீழே பெரியகுளத்துக்காரரான நடத்துநரிடம் பாத்திரத்தை நீட்டினாள்.

“தம்பி, இதக் கொஞ்சம் மோந்து பாருங்க. பூண்டு அடிக்குதா?”

“இந்த ஏனத்த மட்டுமா கேக்குறீங்க?” என்றார் அவர். “உங்க ஊருக்கு வந்துட்டுப் போனா என் காக்கிச் சட்டையே அடிக்குது. வீட்டுல தனியாப் போட்டுல்ல தொவைக்கிறா!”

பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அன்று மாலை நான் திரும்பியபோது அவள் அடுக்களை நடுவே நின்று பரணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கூப்பிட்டு, பூண்டுக் கட்டுகள் எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னாள்.

“வெதம்மா அது. பொகை இல்லாட்டி மொளைச்சுப் போகும்” என்றான் அண்ணன்.

“வெத அடுத்த வருசமும் கெடைக்கும்லே. வெரசா எறக்கு.”

இரண்டு நாளில் அடுக்களைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கோகோவுக்கென்று புதுப் பாத்திரம் வந்தது. தை, மாசி முடியும்வரை நாள்தோறும் அம்மாவே காய்ச்சி, கையை உயர்த்தி ஆற்றி, நுரை பொங்கப் பொங்கக் கொடுத்தாள். முதலில் கோகோ தங்கியது, பிறகு அதோடு இட்லி தங்கியது, பிறகு சோறு. விதைப்பூண்டில் பாதி முளைவிட்டு வீணாயிற்று. அதைப் பற்றி அம்மா ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

பின்னாளில் அந்தப் பானத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கடல்கடந்த மெக்சிகோ நாட்டின் ஆதிகுடிகள் அதை மிளகாய் சேர்த்துக் கசக்கக் கசக்கக் குடித்தார்கள்; நுரை வரவேண்டும் என்பதற்காக கையை உயர்த்தி ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினார்கள். அதில் சர்க்கரை கலந்தவர்கள் ஸ்பானியர்கள். அதைக் குடித்தால் விரதம் முறியுமா என்று பாதிரிமார்கள் வாதிட்டார்கள். கருவுற்ற காலத்தில் அளவுமீறிக் குடித்ததால் ஒருத்திக்குக் கறுப்புப் பிள்ளை பிறந்ததாக ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி கடிதத்தில் எழுதியிருந்ததையும் படித்தேன். இதை அம்மாவிடம் சொன்னபோது, “சீமையிலயும் நம்மளாட்டம் கூறுகெட்டவளுக இருந்திருக்காளுகளே!” என்று கண்ணில் நீர்வரச் சிரித்தாள். உயரத்திலிருந்து ஆற்றும் வித்தையை எந்த நூலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

இப்போது கொடைக்கானல் ஏரிக்கரையில் காகிதக் கோப்பைகளில் சூடான சாக்லேட் விற்கிறார்கள். மேலே பாலேடு மிதக்கும். சுற்றுலா வந்தவர்கள் கையுறையோடு பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒருத்தி குடித்தது வயிற்றில் தங்குமா என்று இன்னொருத்தி எதிரே குந்தியிருந்ததைப் பார்த்தவளுக்கு, அது வெறும் இனிப்புப் பானமாகத் தோன்றுவதில்லை.

அந்தச் சித்திரையில் மதினிக்கு மகள் பிறந்தாள், அண்ணனின் நிறத்தில். இப்போது மதுரையில் செவிலியாக இருக்கிறாள். அம்மா இல்லை, அண்ணனும் போய்விட்டான். பூம்பாறை வீட்டில் மதினியும் நானும் இருக்கிறோம்.