அன்று அம்மா கேட்ட கேள்வி

அம்மா பிறந்தது சிலமலையில், வாழ்க்கைப்பட்டது போடியில். ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கும் வேலைதான் கடைசிவரை. பேசிக்கொண்டே விரலில் உருட்டி, பருத்த காய் எது, சொத்தை எது என்று பார்க்காமலே பிரித்துப் போடுவார்.

நான் ஏழாவது படிக்கையில் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் யாரும் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பொழைக்க மாட்டாருக்கா, மனசத் தேத்திக்கங்க" என்றாராம். கருமாதி முடிந்த கையோடு அம்மா என்னிடம், "அந்தப் பிள்ள மாதிரி நீ வரணும்" என்றார்.

அப்படித்தான் ஒரு சின்னக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் சேர்ந்தேன். "வேதக்காரங்க காலேசுல சேத்தா மாறிப் போயிருவா" என்று இதைப் படிக்கும் உறவினர்களில் சிலர் சொன்னீர்கள். சொன்னவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. முதலாண்டில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் விழாவுக்கு வந்தவர், ஜெபக்கூட வாசலில் நின்று, திருநீற்றை அழிக்கவா என்று தயங்கினார். எங்கள் முதல்வர் அம்மையார், "அப்படியே வாங்கம்மா, அது யாரை என்ன பண்ணுது?" என்று கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார். அம்மா அழுததைப் பார்த்து எனக்கு உறுதிமொழியில் ஒரு வரி மறந்துபோனது.

நான்காம் ஆண்டில் கிராமப் பணிக்கு எங்கள் குழுவைச் சிலமலைக்கே அனுப்பினார்கள். மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசியது நான். மாமா வீட்டுக்கு வந்திருந்த அம்மாதான் நான் வரைந்த படத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசி முடித்ததும் கேட்டார்:

"ஏன் டீச்சர், ஒரு ஏலக்காத் தண்டிக்கு இருக்கு, வலிக்கலன்னா சும்மா விட்டுரலாமா?"

உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீச்சராகவே பதில் சொன்னேன். "வலிக்காததுதான் மோசம். வெரசா டாக்டர்ட்டப் போயிரணும்." என் பேராசிரியை தலையசைத்தார். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. யாருக்கு என்று மட்டும் நான் கேட்கவில்லை. அன்று மாலை போடிக்கு பஸ்சில் அம்மாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் என் பரீட்சையைப் பற்றியே பேசினேன்.

அம்மா டாக்டரிடம் போகவில்லை. ஏழு மாதம் கழித்து, இறுதித் தேர்வை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, அவரே என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தார். அது இப்போது ஏலக்காய் அளவில் இல்லை. அக்குளிலும் பரவியிருந்தது.

"ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா படிப்ப விட்டுட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்துருவ. ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

உண்மைதான், வந்திருப்பேன். வந்திருந்தால் அம்மா இன்று இருந்திருக்கலாம். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. என் மேல் அதைவிட அதிகம். இதையெல்லாம் அம்மாவின் நினைவு மலரில் போடணுமா என்று மாமா கேட்டார். போடத்தான் வேண்டும்.

படிப்பு முடித்த எனக்கு அம்மாதான் முதல் நோயாளி. பதினான்கு மாதம் பார்த்தேன். கடைசி வாரத்தில், "இன்னும் எத்தன நாளுடி?" என்று கேட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் படிச்சிருக்க" என்றார். மூன்றாம் நாள் காலையில் அடங்கினார்.

ஒவ்வொரு ஊசிக்கும் மதுரைக்குக் கூட்டிப் போய் வந்த மாமாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டிய குடோன் அக்காமாருக்கும், முறை வைத்து வந்து பார்த்த என் வகுப்புத் தோழிகளுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த முதல்வர் அம்மையாருக்கும் நான் பட்ட கடன் தீராது. அந்த ஜெபத்துக்கும் அம்மா கை கூப்பினார்.

ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் அத்தைமார், சித்திமார், மதினிமாருக்கு ஒரு வார்த்தை. பந்தி நடக்கும்போது நான் உள்ளறையில்தான் இருப்பேன். ஒவ்வொருவராக வாருங்கள், கதவைச் சாத்திக்கொள்வோம். வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டாலும் சரி. யாருக்கு என்று இந்த முறை நான் கேட்பேன்.