மன்னார்த் தீவைச் சுற்றப் போய், நாவுலக் குளத்தைச் சுற்றியது

குளத்தடியில் கருப்பட்டி கொடுத்த பெண் இறந்துவிட்டாள். அவள் குடும்பம் வயல் தண்ணீரில் மூழ்கியபின் லக்கலவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நாவுலப் பக்கத்துக் கிராமத் தலைவரான ஆராச்சி எழுதி, நேற்று வியாழக்கிழமை மாலை என் கைக்கு வந்த கடிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. உறுதியாகத் தெரிந்தது இதுதான். மன்னார்த் தீவின் கரையை ஐந்து நாளில் நடந்து சுற்றப் போவதாகப் போன மாதம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அந்தப் பயணம் நின்றுபோனது. ஏன் நின்றது என்று கேட்டு எழுதியவர்களுக்கு இதுவே பதில்.

யோசனை என்னுடையது அல்ல. பலாபத்வலக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றை நடத்தும் துரை, வேல்ஸ் நாட்டுத் தீவொன்றில் பிறந்தவர். லீவில் ஊருக்குப் போகும்போது அந்தத் தீவின் கரை முழுவதையும் கால்நடையாகச் சுற்றுவதற்காக ஒரு சிறு புத்தகத்தில் திட்டம் எழுதி வைத்திருந்தார். எந்த ஊரில் படுக்கை, எந்த மணிக்குக் கடல் வற்றும், எங்கே பாறை, எங்கே மணல் என்று எல்லாம் அதில் இருந்தது. பொழுதுபோக்குக்காக இப்படி நடப்பவர்கள் அங்கே நிறையப் பேராம். நமக்கும் ஒரு தீவு இருக்கிறதே என்று நினைத்தேன்.

திட்டம் இதுதான். மாத்தளையில் காலை ரயில் ஏறி, கண்டியிலும் பொல்காவலையிலும் மாறி, தலைமன்னாரில் இறங்குவது. வடகரையாகப் பேசாலை வழியே மன்னார்க் கோட்டை, அங்கிருந்து தென்கரையாகத் திரும்பித் தலைமன்னார். ஏறத்தாழ நாற்பது மைல், நாளுக்கு எட்டு மைல். மாசி மாதம்தான் சரி. அதற்கு முன் மழை, வைகாசிக்குப் பின் தென்மேல் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

தகவல் தேடி, பழைய நாளில் கடற்கரையிலிருந்து இந்த மலைக்கு நடந்தே வந்த தொழிலாளர்களை விசாரித்தேன். அப்படித்தான் அஞ்சலையைக் கண்டேன். அதே துரையின் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். எட்டு வயதில் தாய் தகப்பனோடும் நாலு வயதுத் தம்பியோடும் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கியவர். தம்பி பெயர் பொன்னன். வாந்திபேதி கண்ட பிள்ளையைக் கடற்கரைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று தாயும் தகப்பனும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். என் பயணத்தைப் பற்றிக் கேட்டதும் அஞ்சலை சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நானும் வாரேங்கய்யா. அந்த எடத்துல ஒரு வெளக்கு வச்சிட்டு வந்துருவேன்."

துரை எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். புதன் முதல் அடுத்த புதன் வரை. அஞ்சலைக்கு நாற்பத்தைந்து வருடத்தில் கிடைத்த முதல் நீண்ட லீவு அது.

புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை, மாத்தளைக் கடைத்தெருவில் மீரான் நானாவின் கருவாட்டுக் கடைக்குப் போனோம். முப்பது வருடமாகப் பேசாலையிலிருந்து கருவாடு ஏற்றுபவர். தீவில் எந்தக் கிணறு உப்பு, எது நல்ல தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். அஞ்சலையின் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற நீலச் சட்டை, அப்போதுதான் வாங்கியது. விளக்கோடு வைப்பதற்கு.

"என்னா பேப்பர்காரரே," என்றார் நானா, தராசை விடாமல். "நாங்க வண்டி கெடைக்காம நடக்குற மண்ணுல, நீங்க டிக்கெட் எடுத்துப் போய் நடக்கப் போறீங்களாம். கால்ல செருப்பாச்சும் இருக்கா?"

"இருக்கு நானா. தண்ணிதான் யோசனை."

"பேசாலைக் கோயில் கெணத்துல மொண்டுக்கங்க. அதத் தாண்டினா நாலு மைலுக்கு வாயைத் தொறக்காதீங்க. ஒங்களுக்கு அது கஷ்டந்தான்." பிறகு அஞ்சலையைப் பார்த்தார். "ஒங்களுக்கு எந்த எடம் தாயி? அடையாளம் ஏதாச்சும் இருக்கா?"

"பெரிய தண்ணிங்க. அந்தப் பக்கம் கரையே தெரியாது. வெள்ள வெள்ளயா கொக்கு. ஒரு கொட்டா. ஒரு பொம்பள வந்து பாக்குமட்டயில சுத்துன கருப்பட்டி குடுத்துச்சு. தம்பி வாயில கொஞ்சம் வச்சோம்."

நானா தராசைக் கீழே வைத்தார்.

"பாக்குமட்டையா? பனை ஓலை இல்லையா?"

"மட்டதாங்க. நாந்தான் பிரிச்சேன். அப்பறம் அதுலயே தண்ணி மொண்டு குடிச்சேன்."

"கடல் தண்ணியவா குடிச்சீங்க?"

நானா என் பக்கம் திரும்பினார். குரலில் இருந்த கேலி போய்விட்டது.

"மன்னார்ல ஒரு கமுக மரம் நான் கண்டதில்ல. அங்க கருப்பட்டின்னா பனங்கருப்பட்டி, ஓலைப் பெட்டியில வரும். மட்டையில சுத்துறது இந்தப் பக்கத்து சிங்கள ஆளுங்க. அந்தக் கித்துல் மரத்துக் கருப்பட்டி இந்தக் கடையிலயே கெடக்கு, பாருங்க." பிறகு அஞ்சலையிடம், "அந்தப் பொம்பள என்னா பேசினா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வெளங்கலங்க."

மன்னார்க் கரையில் தமிழ்தான் பேசுவார்கள். இந்தக் கேள்வியை நான் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடம் ஆட்களை விசாரித்து எழுதியவன், கிணறுகளையும் மைல்களையும் குறித்துக்கொண்டு, அஞ்சலை சொன்னதைக் குறிக்காமல் விட்டேன்.

நாவுலயில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சங்கிலியைக் கேட்கும்படி நானா சொன்னார். சங்கிலி அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி ஒருவரின் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து, கடற்கரைக்கும் மலைக்கும் இடையே நாலு தடவை நடந்தவர்.

மறுநாள் ஞாயிறு. மாத்தளை பஸ் நிலையத்தில் காலை 7.10 பஸ். பலாபத்வல நாலு மைல், அங்கே 7.30க்கு அஞ்சலை ஏறினார். நாவுலக்கு 8.35. மாத்தளையிலிருந்து பதினேழு மைல், கட்டணம் முப்பத்தைந்து சதம். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் அடிக்காது. பலாபத்வல தாண்டியபின் கொக்கோவும் ரப்பரும் குறைந்து, காடும் அறுத்துப்போட்ட வயலுமாக வெளிறிக்கொண்டே போகிறது. வானம் மூடியிருந்தது. அஞ்சலை வழி முழுவதும் மைல்கல்லையே பார்த்துக்கொண்டு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது, கற்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

சங்கிலியின் கடை பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஐம்பது அடி. அவருக்கு எழுபது வயதிருக்கும். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் பெயரையும் நான் சொன்னதும், ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பலகையில் வைத்தார்.

"நீ மாரியாயி மவளா?"

"ஆமாங்க."

"ஒங்கம்மா இருக்கா?"

"போய்ட்டாங்க. அப்பாவும் போய்ட்டாரு."

"அப்ப சொல்லலாம்," என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். மலைக்குள் நுழையும் முன், வழியில் ஆட்களைப் பரிசோதிக்கும் முகாம் ஒன்று இருந்தது. நடந்து வந்த வழியில் யாராவது வாந்திபேதியில் விழுந்தார்கள் என்று தெரிந்தால் கூட்டம் முழுவதையும் வாரக்கணக்கில் அங்கேயே மறித்து வைப்பார்கள். மறித்து வைத்த இடத்தில் மற்றவர்களுக்கும் நோய் வரும். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கங்காணி ஒரே பேச்சைச் சொல்லிக்கொடுப்பார்: வழியில் யாரும் விழவில்லை, விட்டதெல்லாம் கடற்கரையிலேயே விட்டோம். ராத்திரி படுக்கும் முன் பிள்ளைகளையும் நிறுத்திச் சொல்ல வைப்பார்கள்.

"நாலு தரம் வந்தேன். நாலு தரமும் அதே பேச்சுதான்," என்றார் சங்கிலி. "கேட்டா, கடக்கர, கடக்கர. கடக்கரையில விட்ட கணக்குப் பாத்தா அங்க ஒரு டவுனே இருக்கணும் தாயி."

அவரே சிரித்துவிட்டு, அஞ்சலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எங்க விட்டீங்க?" என்று கேட்டார் அஞ்சலை.

"இங்கதான். வடக்க ஒண்ணர மைலு. ராத்திரி தங்குற கொளத்துக் கொட்டாவுல."

"உசுரு இருந்துச்சா?"

சங்கிலி கடைக்கு வந்த ஒருவருக்குப் பாக்கு எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் போனபின் சொன்னார்.

"இருந்துச்சு தாயி. ஒங்கப்பன் தூக்க வந்தான். கங்காணி பெரம்ப எடுத்துட்டாரு. அந்தக் கருப்பட்டிக்காரி கொட்டா வாசல்ல நின்னா. நாங்க திரும்பிப் பாத்தப்பவும் நின்னா."

குளத்துக்குப் போகும் வழி: பெரிய ரோட்டில் வடக்கே ஒரு மைல், வலப்பக்கம் வண்டிப் பாதையில் அரை மைல். நிழல் இல்லை. மழைக்காலம் முடிந்திருந்ததால் குளம் நிறைந்திருந்தது. காற்றுக்குச் சிறு அலை எழுந்து குளக்கட்டில் மோதியது. மறுகரை புகையாகத் தெரிந்தது, ஒரு குழந்தைக்கு அது தெரிந்திருக்காது. கொக்குகள் இருந்தன. தோணியில் வரும்போது ராத்திரி, தான் தூங்கிப்போனதாக அஞ்சலை முன்பே சொல்லியிருந்தார். உண்மையான கடலை அவர் பார்த்ததே இல்லை.

கொட்டகை இருந்த இடம் இப்போது தண்ணீருக்கடியில். பிறகொரு காலத்தில் குளக்கட்டை உயர்த்தியபோது கொட்டகையும் நாலைந்து வயலும் உள்ளே போய்விட்டன. விளக்கு வைக்க இடமில்லை. அஞ்சலை கட்டின் மேல் நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் போனேன். குளத்தைச் சுற்றி மூன்றரை மைல், எங்களுக்கு இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் பிடித்தது. கிழக்குப் பக்கம் சேறு, முழங்கால்வரை. நான் திட்டமிட்ட கரைநடை இவ்வளவில் முடிந்தது.

பாதி வழியில் அவர் கேட்டார்.

"நம்ம லயத்துலேர்ந்து இங்க எத்தன மைலுங்கய்யா?"

"பலாபத்வலயிலிருந்து ரோட்டால பதின்மூணு. இங்க உள்ளே ஒண்ணரை."

"கல்லு எண்ணுனேன், எனக்கும் பதிமூணுதான் வந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்தார். "ரொம்ப தூரம், ரொம்ப தூரம்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். பக்கத்துலன்னு சொல்லிருந்தா அம்மாவால வேலைக்குப் போயிருக்க முடியாது."

கட்டின் முடிவில் ஆராச்சியின் வீடு. நான் சிங்களத்தில் விவரம் சொன்னேன். அவர் பிறந்தது பிள்ளையை விட்டதற்குப் பின். ஊரில் வயதானவர்களைக் கேட்டு எழுதுவதாகச் சொன்னார். சொன்னபடி எழுதியிருக்கிறார். கடிதத்தில் இன்னும் ஒரு வரி உண்டு. அந்தப் பெண்ணுக்கு மூன்று ஆண் பிள்ளைகள் என்று ஒரு கிழவர் சொல்கிறார், நாலு என்று இன்னொருவர் சொல்கிறார். கட்டோரத்தில் ஒரு பிள்ளையைப் புதைத்ததாகவும் ஊரில் பேச்சிருந்ததாம். எந்தப் பிள்ளை, எந்த வருடம் என்று சொல்ல ஆளில்லை.

இன்று காலை தோட்டத்துக்குப் போய் அந்தக் கடிதத்தை அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தனியாக இருந்தார். மற்றவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள், லீவில் இருப்பவருக்கு அன்றாட வேலைப் பதிவான செக்ரோலில் பெயர் இல்லை. மூன்றா நாலா என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நான் நடந்தே போய்ருவேங்கய்யா, லக்கலைக்கு."

லக்கலப் பாதையில் இப்போது நடந்து போகக்கூடாது என்று ஆராச்சி எழுதியிருப்பதையும் படித்தேன். அறுவடை முடிந்த வயல்களில் யானை இறங்கியிருக்கிறது. உப்பு வண்டிக்காரர்கள் மட்டும் ஐந்தாறு வண்டியாகச் சேர்ந்து, தீப்பந்தத்தோடு போகிறார்கள். வண்டியில் பெண்களை ஏற்ற மாட்டார்கள்.

அவர் பொட்டலத்தைப் பிரித்து நீலச் சட்டையை மடியில் விரித்தார்.

"அவன் இருந்தா அம்பதக் கிட்ட வந்துருப்பான். இது அவனுக்குப் பத்தாதே."

சட்டையைத் திரும்ப மடித்து வைத்தார்.

மன்னார்த் தீவைச் சுற்ற விரும்புபவர்களுக்கு: மேலே சொன்ன வழியும் மாதமும் சரிதான், தண்ணீரைப் பற்றி நானா சொன்னதை மறக்காதீர்கள். பழைய நடைவழியைத் தேடி, கடலோரத்தில் விடப்பட்ட தங்கள் ஆட்களின் இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் வீட்டு நினைவுகளை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார்கள், எதில் சுற்றிக் கொடுத்தார்கள், கொடுத்தவர் என்ன மொழி பேசினார் என்று கேளுங்கள். ரயில் டிக்கெட் அதற்குப் பிறகு. நாவுலக் குளத்துக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தளைக்குத் திரும்பக் கடைசி பஸ் மாலை 4.20.

ஆராச்சியின் இரண்டாவது கடிதம், அந்தக் குடும்பத்துக்கு எழுதியது, நாளை சனிக்கிழமை நாவுலயில் புறப்படும் உப்பு வண்டியோடு லக்கலவுக்குப் போகிறது. எத்தனை ஆண் பிள்ளைகள், அதில் ஒருவன் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவனா என்ற ஒரே கேள்விதான் அதில். வண்டி பௌர்ணமிக்குத் திரும்பும், இன்றிலிருந்து பன்னிரண்டு நாள். அஞ்சலையின் லீவு வரும் புதன்கிழமையோடு முடிகிறது.