பிரம்பைக் கீழே போடச் சொன்ன காலை

என் நாயைக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னது ஒரு காலைப் பெரட்டில். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வரிசையில் நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்துக்குப் பெரட்டு என்று பேர். அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. இருமல் வந்தால்கூடக் கங்காணியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இருமுவார்கள். நான் திறந்தேன். இந்த வயதிலும் அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது.

ரப்பர் விலை விழுந்து மறுபடி ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் தோட்டம் ஈப்போவிலிருந்து சிலிபின் தாண்டி மாட்டுவண்டியில் போகிற தூரத்தில் இருந்தது. அந்த வருஷம் வெறிநாய்க்கடி பரவியது. தைப்பிங் பக்கத்தில் ஒருவன் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்தான் என்று பேச்சு வந்த சில நாளில் தோட்டத்துக்கு உத்தரவும் வந்துவிட்டது. நாய் வைத்திருப்பவர்கள் அதற்கு வாய்க்கூடு போட வேண்டும். பத்து நாள் தவணை. பதினோராம் நாள் துரையே துப்பாக்கியோடு, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வருவார், வெறும் வாயோடு நிற்கும் நாயைச் சுட்டுவிடுவார். உத்தரவில் நான் குறை சொல்ல மாட்டேன். வெறிநாய் கடித்த ஆளை ஊரில் நானே பார்த்திருக்கிறேன், அந்தச் சாவு யாருக்கும் வரக் கூடாது.

கங்காணி எங்களைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவர். ஆள் கட்டை, குரல் பெரிது. பிரம்பு பின்னத் தெரிந்த ஒருவனை ஸ்டோரில் உட்கார வைத்து, நாய் இருந்த வீட்டுக்கெல்லாம் ஒரு கூடு பின்னச் செய்தார். அதுவரை நல்ல காரியம்தான். அதற்குப் பிறகு, கூட்டை எப்படி மாட்டுவது என்று பெரட்டில் செய்து காட்ட ஒரு நாய் வேண்டும் என்றார். என் நாய் என் காலடியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

“ஏ புள்ள, அத இங்க கொண்டா” என்றார். “முட்டிய வச்சு அமுக்கி, கூட்ட மாட்டிட்டு, பிச்செறியப் பாத்தா இந்த ரோத்தான் பெரம்புல நாலு போட்டா அடங்கிடும். நாயும் சரி, கூலியும் சரி, நாம யாருன்னு மொதல்ல காட்டிறணும்.”

வரிசை சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் கூலிகள். எனக்குக் கோபம் வந்தது கங்காணி மேல் பாதிதான், மீதிப் பாதி அந்தச் சிரிப்பின் மேல்.

“குடுக்க மாட்டேன்” என்றேன்.

“என்னா சொன்னே?”

“என் நாய்க்கு நானே போட்டுக்குறேன். அடிக்காம.”

“அடிக்காமன்னா? அது கால்ல விழுந்து கெஞ்சுவியா?”

“நெத்திலி குடுத்துப் போடுவேன்.”

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. பிரம்பால் என் நாயைக் காட்டி, “சரி. பதினோராம் நாளு துரை முன்னால கூட்ட நான் புடிச்சிக்கிட்டு நிப்பேன். உன் நாய் தானா வந்து மூஞ்சிய உள்ள விடணும். விடலேன்னா மொத குண்டு அதுக்குத்தான். கயித்த நீதான் புடிச்சிக்கணும்” என்றார்.

பிறகு தன்னுடைய கறுப்பு நாயைக் கூப்பிட்டு, முழங்காலால் அழுத்தி, கூட்டை மாட்டினார். அது காலால் பிறாண்டியபோது பிரம்பு பேசியது. நாலாவது அடிக்குப் பிறகு நாய் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அது அடங்கியது உண்மை, நானும் பார்த்தேன். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

என் நாய் அழகான நாய் இல்லை. செம்மண் நிறம், ஒரு காது கிழிசல். என் நெரை, அதாவது நான் பால் வெட்டும் மரவரிசை, காட்டை ஒட்டி இருந்தது. ஒரு நாள் நான் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது பன்றி ஒன்று புதரை விட்டுப் பாய்ந்தது. அது என்னை நெருங்கவிடாமல் குறுக்கே நின்று குரைத்த நாய் இது. அதற்குப் பிறகு அது இல்லாமல் அந்த ஓரத்தில் நான் காலெடுத்து வைத்ததில்லை. ஒரு வீம்புப் பேச்சுக்காக அதன் உயிரைப் பணயம் வைத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் கூட்டை நாயின் முகத்துப் பக்கமே கொண்டுபோகவில்லை. அடுப்படியில் வைத்து, அதன் அடியில் ஒரு நெத்திலியைப் போட்டேன். நாய் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, மூக்கை விட்டு எடுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் கூட்டைக் கையில் பிடித்தேன். நான் மாட்டவில்லை, அதுவாகவே மூஞ்சியை உள்ளே விட்டது. விட்டதும் முன்பக்கச் சந்து வழியாக நெத்திலியைத் தள்ளினேன். பிறகு உடனே தராமல் கொஞ்சம் பொறுத்துத் தந்தேன். அதுவும் பொறுத்துக்கொண்டது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பசி ஓர் உயிரை எவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்று கப்பலேறி வந்தவளுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

“நமக்கே கொழம்புக்குள்ள நெத்திலிய தேடிப் புடிக்க வேண்டியிருக்கு. நீ நாய்க்கு ஊட்டிக்கிட்டு இருக்கே” என்று என் வீட்டுக்காரர் முனகினார். அவர் புகைக்கூடத்தில் ரப்பர் காயப் போடுகிறவர். கங்காணி பக்கத்தில் வந்தாலே தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வார்.

“என் பங்கத்தான் குடுக்குறேன்” என்றேன். அது பொய் இல்லை. அந்தப் பத்து நாளும் நான் தின்றது சோறும் பச்சைமிளகாயும்தான்.

ஐந்தாம் நாள் நானே காரியத்தைக் கெடுத்தேன். நன்றாகத்தான் போகிறதே என்ற தெனாவட்டில், நாய் மூஞ்சியை விட்டதும் காதுக்குப் பின்னால் கயிற்றைச் சட்டென்று இழுத்துக் கட்டிவிட்டேன். அது மிரண்டு துள்ளி, பால் வாளியைக் கவிழ்த்து, விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உனக்காகத்தானடி இத்தனையும் என்று கத்திக்கொண்டே ஒரு விறகுக் குச்சியை எடுத்து அதன் முதுகில் போட்டேன். ஒரே அடி. அது ஊளையிடவில்லை, கடிக்கவும் வரவில்லை. கூட்டோடு படுத்தபடி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். கங்காணி செய்ததைத்தான் நானும் செய்தேன், அவர் பெரட்டில் செய்தார், நான் அடுப்படியில் செய்தேன். கூட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த இரண்டு நாள் அது கூட்டைக் கண்டால் ஒதுங்கியது, என் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. தவணை கரைந்துகொண்டிருந்தது. லயம் முழுக்க நாய்களின் கத்தல். கங்காணி காட்டிய வழியில் அடி வாங்கிய நாய்கள் கூட்டைப் பார்த்தாலே ரப்பர் காட்டுக்குள் ஓடின. அடித்ததும் பிரம்பு, கூடும் பிரம்பு, இரண்டுக்கும் ஒரே வாடை. மோப்பம் பிடிக்கிற பிராணிக்கு வேறு என்ன தோன்றும்?

பக்கத்து வீட்டு அக்கா வந்து, “கங்காணிகிட்ட போயி மன்னிப்புக் கேட்டுரு லா, நாயாச்சும் பொழச்சுக்கும்” என்றார்.

“நாய் பொழச்சுக்கும் அக்கா. அப்புறம் நான் எப்படிப் பொழைக்கிறது?” என்றேன். அவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த நாலைந்து நெத்திலியை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் முதலிலிருந்து தொடங்கினேன். கூடு தரையில், மீன் உள்ளே, நான் தள்ளி உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனபோது நாய் மூக்கை விட்டது. ஒன்பதாம் நாள் கைக்கு வந்தது. பத்தாம் நாள் காதுக்குப் பின்னால் கயிற்றை முதலில் சும்மா தொட்டு, பிறகு மெல்லக் கட்டினேன். நாய் கூட்டோடு வாசலில் நாலு எட்டு நடந்து, எங்கே என் மீன் என்பதுபோல் திரும்பி வந்து நின்றது.

பதினோராம் நாள் துரை துப்பாக்கியை மடக்கிக் கைமேல் போட்டுக்கொண்டு வந்தார். தமிழ் நன்றாகப் புரியும் துரை. கங்காணி நடந்ததை எல்லாம் வேடிக்கைக் கதையாகச் சொல்லி, என் கையிலிருந்த கூட்டை வாங்கி நடுவில் போய் நின்றார். இடது கையில் கூடு, வலது கையில் பிரம்பு. என் நாய் அவரைப் பார்த்தது, பிரம்பைப் பார்த்தது, என் புடவைக்குப் பின்னால் போனது.

“பாத்தீங்களா துரை” என்றார் கங்காணி.

இப்போது பேசாவிட்டால் பிறகு பேசி என்ன பயன்?

“கங்காணி, கையில இருக்கற பிரம்பக் கீழ போடுங்க” என்றேன்.

கங்காணியின் முகம் கறுத்தது. “யாரப் பாத்து என்னா பேசுறே?”

“நாய் பயப்படுது. பிரம்பக் கீழ போட்டுட்டு, குந்தி உக்காந்து, கூட்டத் தாழப் புடிங்க. இந்தாங்க, இத உள்ள போடுங்க” என்று ஒரு நெத்திலியை நீட்டினேன்.

துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “போடு, கங்காணி” என்றார்.

அந்தப் பிரம்பு கீழே விழுந்த சத்தம் எனக்கு இன்னும் பிடிக்கும். எங்களை வருஷக்கணக்காக நிற்க வைத்துப் பேர் கூப்பிட்ட மனுஷன், அத்தனை பேருக்கும் முன்னால் வேட்டியை ஒதுக்கிக் குந்தி உட்கார்ந்து, கையில் நெத்திலியோடு ஒரு நாய்க்காகக் காத்திருந்தார். நான் கயிற்றைத் தளர்த்தினேன். நாய் உடனே போகவில்லை. ஒரு எட்டு வைத்து நின்றது, இன்னொரு எட்டு வைத்தது. பிறகு கழுத்தை நீட்டி மூஞ்சியைக் கூட்டுக்குள் விட்டது. நான் போய்க் கயிற்றைக் கட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் துரை ரப்பர் மரங்களுக்கு அடியில் கை காட்டினார். “அது யார் நாய்?”

கங்காணியின் கறுப்பு நாய். காலையில் கூட்டோடு அவர் நெருங்கியபோது ஓடிப் போனது, வெறும் வாயோடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

“நான் கூப்பிட்டுப் பாக்குறேன் துரை” என்றேன். எனக்கு அந்த நாயோடு ஒரு பகையும் இல்லை.

“என் நாய் நான் கூப்பிட்டா வரும்” என்றார் கங்காணி. எழுந்தார். குனிந்து பிரம்பை எடுத்துக்கொண்டார். வேண்டுமென்று எடுக்கவில்லை, வெற்றுக் கையோடு நடந்து அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு எட்டுத்தான் வைத்திருப்பார், நாய் திரும்பி ஓடியது. துரை சுட்டார். அன்றைக்கு லயத்தில் இன்னும் பல நாய்கள் செத்தன, அவற்றில் முக்கால்வாசி நன்றாக அடங்கியதாகச் சொல்லப்பட்டவை.

மறுநாள் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு முடித்தார். கண் சிவந்திருந்தது. அந்த நாய்மேல் அவருக்குப் பாசம் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அதனால் கொஞ்ச நேரம் பாவமாகக்கூட இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல், “நாய்க்குப் புத்தியில்ல, ஓடிப்போயி செத்துச்சு” என்றார்.

மற்றவர்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார், வேண்டாம் என்று.

“அதுக்குப் புத்தி இருந்துச்சு கங்காணி” என்றேன். “பத்து நாளா நீங்க சொல்லிக் குடுத்தத ஒழுங்காக் கத்துக்கிட்டுத்தான் ஓடுச்சு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிரம்பு கையில்தான் இருந்தது, ஆனால் அசையவில்லை. அன்றிலிருந்து என்னை மலைக்காட்டுக்கு மாற்றினார், யாரும் கேட்டு வாங்காத செங்குத்தான நெரை அது. நான் வாளியை எடுத்துக்கொண்டு ஏறினேன், நாய் வாய்க்கூட்டோடு முன்னால் போனது.